பழைய அம்பாசிடரில் புதிய சத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் வீட்டு வாசலில் நிற்பது 1972ஆம் ஆண்டு மார்க் 2 அம்பாசிடர். அப்பா ஓட்டினார், இப்போது நான் ஓட்டுகிறேன். சென்ற ஆண்டு அதன் எஞ்சினில் திடீரென்று ஒரு சத்தம் கிளம்பியது. மரக்கதவில் விரலை மடக்கித் தட்டுவதுபோல ‘டொக், டொக், டொக்’. அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஐந்து வாரம் ஆனது. அதற்குள் இரண்டு பட்டறைகளில் எஞ்சினை இறக்கச் சொல்லிவிட்டார்கள். அந்தக் கதை வெளியே பரவியதிலிருந்து, பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் தங்கள் வண்டிச் சத்தங்களை என்னிடம் கொண்டுவருகிறார்கள். நான் மெக்கானிக் அல்ல, கை அழுக்காவதற்குக் கூச்சப்படாத ஒரு கணக்காளன். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அம்பாசிடர் எஞ்சின் சத்தம் போடுவது இயல்புதானே? எதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்வது?

இயல்புதான். மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் தயாரான இந்த வண்டிகளில் பல ஆண்டுகள் இருந்தது பிரிட்டனின் பிஎம்சி நிறுவனம் வடிவமைத்த ‘பி’ வரிசை எஞ்சின். 1489 சிசி, நான்கு சிலிண்டர், பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க்கைத் தாங்க மூன்றே மெயின் பேரிங். வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் கீழே பிளாக்குக்குள், அதாவது எஞ்சினின் உடலுக்குள் இருக்கிறது. அது டப்பெட்டைத் தூக்க, டப்பெட் புஷ் ராடைத் தள்ள, புஷ் ராட் ராக்கரை அசைக்க, ராக்கர் வால்வை அழுத்துகிறது. இத்தனை பேர் கைமாற்றும் வேலையில் கொஞ்சம் சலசலப்பு இல்லாமல் இருக்குமா? எட்டு வால்விலும் வேண்டுமென்றே விட்ட சிறு இடைவெளி இருக்கிறது. தையல் மெஷின் ஓடுவதுபோன்ற அந்த மெல்லிய ‘டிக்டிக்’ அதனால் வருவது.

நேற்று இல்லாதது இன்று கேட்டால் அதைத்தான் கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே வண்டி நன்றாக ஓடும் நாளிலேயே பானெட்டைத் திறந்து ஐந்து நிமிடம் காதுகொடுத்துக் கேட்டு வையுங்கள். 1992க்குப் பிறகு வந்த 1817 சிசி இசுசூ எஞ்சின் வேறு சாதி. அதற்குக் கேம் ஷாஃப்ட் தலையிலேயே இருக்கிறது. இங்கே சொல்வதில் பாதி அதற்குப் பொருந்தாது.

சத்தம் கேட்டதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

எஞ்சினை அணைத்து ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். இதைப் படித்துச் சிரிப்பவர்கள் இருப்பார்கள். என்னிடம் வந்த சத்தங்களில் இரண்டு, ஆயில் குறைவால் வந்தவை.

ஆயில் அளவு சரியாக இருந்தால் அடுத்து ஆயில் பிரஷர் மீட்டர். இந்த எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஓடும்போது 50 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அளவிலும், ஐட்லிங்கில், அதாவது வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது, 15க்குக் குறையாமலும் காட்டினால் நிம்மதியாக மூச்சு விடலாம். அடியிலிருந்து கனமான சத்தமும் வருகிறது, மீட்டர் முள்ளும் படுத்துக் கிடக்கிறது என்றால் வண்டியை ஓட்டாதீர்கள். வீடு இரண்டு கிலோமீட்டர்தான் என்றாலும் இழுத்துக்கொண்டு போங்கள்.

ஆயிலும் பிரஷரும் சரியாக இருக்கின்றன. அப்புறம்?

ஒரு தாளில் எழுதுங்கள். காலையில் கிளப்பியதும் கேட்கிறதா, சூடான பிறகா? நிற்கும்போதும் கேட்கிறதா, ஓடும்போது மட்டுமா? ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதா, விடும்போதா? கிளட்ச்சை மிதித்தால் மாறுகிறதா? கடைசியாக, அதற்கு முந்தைய மாதம் வண்டியில் யார் எந்த வேலை பார்த்தார்கள்?

கடைசிக் கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் எழுதியிருந்தால் ஐந்து வாரம் மிச்சமாகியிருக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் சத்தம் வருவதே இல்லை. ஏன்?

பல்வலி மருத்துவர் வீட்டு வாசலில் நின்றுவிடுவதுபோலத்தான். பெரும்பாலும் அது எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் வரும் சத்தமாக இருக்கும். பட்டறை போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் சூடாகிவிடுகிறது. வண்டியை இரவே விட்டுவிட்டு, காலையில் நீங்கள் வந்த பிறகு கிளப்பச் சொல்லுங்கள்.

டப்பெட் சத்தமா, பேரிங் சத்தமா என்று காதால் பிரித்தறிய முடியுமா?

முடியும். காதின் கூர்மையைவிடத் தாளக் கணக்கு இதில் உதவும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றுகிறது. ஐட்லிங்கில் எஞ்சின் நிமிடத்துக்கு 700 சுற்று என்று வையுங்கள். வால்வு, டப்பெட், புஷ் ராட், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவற்றில் ஒரே இடத்தில் பிழை இருந்தால் சத்தம் நிமிடத்துக்கு 350 முறை வரும், அதாவது நொடிக்கு ஆறு. கிராங்க், புல்லி, ஃப்ளைவீல் பக்கத்துப் பிழை நொடிக்குப் பன்னிரண்டு வரை போகும். சங்கீதம் பழகியவர்களுக்கு இது எளிது: ஒரே பாடத்தை முதல் காலத்தில் பாடுவதற்கும் இரண்டாம் காலத்தில் பாடுவதற்கும் உள்ள வித்தியாசம். முதல் காலத்தில் கேட்டால் மேலே தேடுங்கள், இரண்டாம் காலத்தில் கேட்டால் கீழே.

தாளம் பிடிபடாதவர்களுக்கு டைமிங் விளக்கு இருக்கிறது. அதன் கவ்வியை முதல் சிலிண்டரின் பிளக் ஒயரில் மாட்டினால், கிராங்க்கின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மின்னும். சத்தமும் மின்னலும் ஒன்றுக்கு ஒன்றாக வந்தால் மேல்பக்கம். ஒரு மின்னலுக்கு இரண்டு தட்டு என்றால் கிராங்க் பக்கம். என் வண்டியில் இரண்டு தட்டு கேட்டது. அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

ஸ்குரூ டிரைவரைக் காதில் வைத்துக் கேட்கிறார்களே, அது பயன்படுமா?

நன்றாகவே பயன்படும். நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் வையுங்கள், காதுக்குள் அல்ல. முதலில் டைனமோ, பிறகு வாட்டர் பம்ப், டைமிங் செயின் மூடி, வால்வு மூடி, பிளாக்கின் பக்கம், ஆயில் சம்ப் என்று வரிசையாக நகருங்கள். சத்தம் கூடும் இடம் மூலத்துக்கு அருகில் இருக்கும். அருகில் என்றுதான் சொல்கிறேன், அதுவே மூலம் என்று சொல்லவில்லை. இரும்பு சத்தத்தை நன்றாகக் கடத்தும். வாட்டர் பம்ப்பின் உறுமல் சிலிண்டர் ஹெட் வரை கேட்கும்.

ஓர் எச்சரிக்கை. இந்த வண்டியின் ஃபேன் எஞ்சின் ஓடும் வரை நிற்காமல் சுற்றும். வேட்டி, துண்டு, தளர்ந்த சட்டைக் கை, துப்பட்டா எதுவும் அதன் பக்கம் போகக் கூடாது. நான் வேட்டியோடு குனிந்தபோது என் மனைவி போட்ட சத்தம் எஞ்சினையும் மீறிக் கேட்டது. மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சத்தம் தேடவும் வேண்டாம். புகை ஆளைக் கொல்லும்.

டப்பெட் இடைவெளியை நானே சரிசெய்யலாமா?

தாராளமாக. பழைய வண்டி வைத்திருப்பதன் இன்பங்களில் ஒன்று அது. எஞ்சின் குளிர்ந்த பிறகு வால்வு மூடியைக் கழற்றுங்கள். நான்கு பிளக்கையும் எடுத்துவிட்டால் ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைப் போட்டு ஒரு கையால் சுற்றலாம். முன்பக்கத்திலிருந்து வால்வுகளுக்கு 1 முதல் 8 வரை எண் கொடுங்கள். இனி ஒன்பது என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1ஆம் வால்வு முழுதாக அமுங்கி நிற்கும்போது 8ஆம் வால்வைச் சரிசெய்ய வேண்டும். 2 அமுங்கினால் 7. 3 அமுங்கினால் 6. 4 அமுங்கினால் 5. பிறகு அதையே தலைகீழாக. எப்போதும் கூட்டினால் ஒன்பது வரும்.

‘பி’ வரிசை எஞ்சின்கள் பலவற்றுக்கும் அளவு 15 தௌ, அதாவது அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 15 பங்கு. உங்கள் வண்டிக் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே கொள்ளுங்கள். இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வெண்ணெயில் கத்தி போவதுபோல வழுக்கிப் போகக் கூடாது, முக்கி இழுக்கும்படியும் இருக்கக் கூடாது. புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவிலிருந்து ஒரு தாளை உருவும்போது கையில் படுமே, அந்த இழுவை போதும். லாக் நட்டை இறுக்கிய பிறகு மறுபடியும் அளந்து பாருங்கள். இறுக்கும்போது திருகு சேர்ந்து திரும்பியிருக்கும்.

எல்லாம் சரியாக வைத்தும் ஒரே ஒரு வால்வு மட்டும் தட்டினால், அந்த ராக்கரின் நுனியைத் தடவிப் பாருங்கள். வால்வுத் தண்டு மோதி மோதிச் சின்னக் குழி விழுந்திருக்கும். கேஜ் அந்தக் குழியின் மேல் பாலம்போல உட்கார்ந்துகொண்டு பொய்க் கணக்குச் சொல்கிறது.

என் வண்டியில் டப்பெட் சத்தமே இல்லை. சந்தோஷப்படலாமா?

எனக்கென்னவோ இதுதான் கவலையாக இருக்கிறது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டிலிருந்து ஈயம் கலந்த பெட்ரோல் கிடையாது. அந்த ஈயத்தை நம்பி வார்க்கப்பட்ட பழைய சிலிண்டர் ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு தன் இருக்கையைச் சிறிது சிறிதாகத் தின்று உள்ளே இறங்கும். இறங்க இறங்க மேலே இடைவெளி சுருங்கும், சத்தம் குறையும். ஒருநாள் வால்வு முழுதாக மூடவே மூடாது. அப்போது அது சூட்டை விட வழியில்லாமல் கருகும். ஆறு மாதத்துக்குள் இடைவெளி தானாகக் குறைந்திருந்தால், அடுத்த முறை ஹெட்டைக் கழற்றும்போது கடினமான சீட் வளையங்களைப் போட்டுக்கொள்ளுங்கள். டப்பெட் கொஞ்சம் பேசிக்கொண்டே இருக்கட்டும்.

காலையில் ‘டக் டக்’ என்று கேட்டு, பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது. என்ன அது?

இரண்டில் ஒன்று. தேய்ந்த சிலிண்டருக்குள் பிஸ்டன் பக்கவாட்டில் ஆடி அடிக்கலாம். சூடேறிப் பிஸ்டன் விரிந்ததும் அடங்கிவிடும். அவசரம் இல்லை. என் மாமாவின் வண்டி அப்படியே பதினோரு ஆண்டுகள் ஓடியது.

இன்னொன்று எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட், அதாவது புகைக்குழாய் எஞ்சினுடன் சேரும் இடத்து அடைப்பு. இது டப்பெட் சத்தத்தைப்போலவே வேஷம் போடும், பலரும் ஏமாறுகிறார்கள். குளிரில் இருக்கும் சிறு விரிசல் இரும்பு சூடானதும் அடைபட்டுக்கொள்ளும். மேனிஃபோல்ட் ஹெட்டுடன் சேரும் இடத்தில் கரிக்கோடு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே கிளப்பி, ஒருவரைக் கெட்டித் துணியால் சைலன்சர் வாயைச் சில நொடிகள் பொத்தச் சொல்லுங்கள். ‘டக்’ மாறி ‘புஸ்’ என்று பெரிதானால் ஆள் அகப்பட்டுவிட்டான்.

பிக் எண்ட் பேரிங் போய்விட்டது என்கிறார்கள். எஞ்சினைப் பிரிக்காமல் சோதிக்க வழி உண்டா?

உண்டு. பிக் எண்ட் என்பது கனெக்டிங் ராட் கிராங்க்கைப் பிடிக்கும் முனை. எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றி மாட்டிப் பாருங்கள். ரப்பர் பிடியுள்ள குறடு கட்டாயம் வேண்டும். வெறும் கையால் தொட்டால் தூக்கி அடிக்கும். ஒரு சிலிண்டரில் வெடிப்பு நின்றால் அதன் கனெக்டிங் ராட் மேல் விழும் அடியும் நின்றுவிடும். அந்த சிலிண்டரின் பிக் எண்ட் தேய்ந்திருந்தால் சத்தம் அப்போதே தணியும். வண்டியை லேசாக இழுக்கும்போதும், ஆக்சிலரேட்டரை விடும் அந்தக் கணத்திலும் பிக் எண்ட் கடகடவென்று பேசும். மெயின் பேரிங்கின் குரல் இன்னும் கனமானது. மேட்டில் இழுக்கும்போது காதில் கேட்பதற்கு முன்பே மிதிபலகை வழியாகக் காலில் உணர்வீர்கள்.

என் வண்டியில் ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்று வெடிக்கும் வரிசையிலேயே கழற்றினேன். ஒவ்வொரு முறையும் எஞ்சின் நொண்டியது. ‘டொக்’ மட்டும் குறையவில்லை. பிரஷர் மீட்டரோ 50இல் அசையாமல் நின்றது. பேரிங் போன எஞ்சின் இப்படிப் பிரஷர் காட்டாதே என்று பட்டறையில் கேட்டேன். “மீட்டர் பழசு சார், அதை நம்பாதீங்க” என்றார்கள். புது மீட்டரை வாங்கி மாட்டினேன். அதுவும் 50.

அப்படியானால் உங்கள் வண்டியில் என்னதான் கோளாறு?

ஐந்தாம் வாரம் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் மட்டும் எஞ்சினை ஓடவிட்டேன். பெல்ட் இல்லாமல் வாட்டர் பம்ப்பும் சுற்றாது, ஆகவே ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடவிடக் கூடாது. டைனமோவிலோ பம்ப்பிலோ கோளாறு என்றால் சத்தம் அடியோடு நின்றிருக்கும். நிற்கவில்லை. ஆனால் சீராகத் தட்டிக்கொண்டிருந்த தாளம் சிதறியது: இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, மூன்று தட்டு. பெல்ட் இவ்வளவு நாள் எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

எஞ்சினை அணைத்துவிட்டு, கிராங்க்கின் முன்னால் உள்ள புல்லியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் திருப்பினேன். நகக்கண் அளவுக்கு ஆட்டம். உள்ளே ‘டொக்’.

ஹேண்டில் போய் மாட்டும் அந்தப் பல்வைத்த நட்தான் புல்லியைப் பிடித்திருக்கிறது. ரேடியேட்டரை எடுத்துவிட்டுப் பார்த்தால், கையால் சுற்றினாலே அது கழன்று வந்தது. நட் தளராமல் இருக்க அதன் அடியில் உள்ள வாஷரின் காதை மடக்கிவிட வேண்டும். யாரும் மடக்கவில்லை. புல்லிக்கும் கிராங்க்குக்கும் நடுவே உள்ள அரை நிலா வடிவ உட்ரஃப் கீ ஒரு பக்கம் தேய்ந்து, மழுங்கிய பல்போல இருந்தது. அதற்கு முந்தைய மாதம் ஆயில் ஒழுகுகிறது என்று முன்பக்க ஆயில் சீலை மாற்றக் கொடுத்திருந்தேன். அந்த வேலைக்குப் புல்லியைக் கழற்றித்தான் ஆகவேண்டும். தாளில் எழுதாமல் விட்ட கேள்வி இதுதான்.

மாற்ற வேண்டியிருந்தது இவ்வளவுதான்: ஒரு பழைய புல்லி, ஒரு கீ, ஒரு வாஷர். எஞ்சினை இறக்கியிருந்தால் புதிய பேரிங் போட்டு, அதே தளர்ந்த புல்லியை மறுபடி மாட்டி, அதே சத்தத்தைக் கேட்டிருப்பேன்.

பெல்ட் பக்கத்துச் சத்தங்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

‘கீச்’ என்றால் பெல்ட் தளர்வு. கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்கலாம், அதற்கு மேல் கூடாது. சுரசுரவென்று அரைத்தால் வாட்டர் பம்ப்பின் பேரிங்; ஃபேன் நுனியைப் பிடித்து ஆட்டினால் தெரிந்துவிடும். டைனமோ என்றால் பின்மூடியைப் பாருங்கள். நடுவில் எண்ணெய் விடுவதற்கு ஒரு சிறு துளை இருக்கும், பெரும்பாலும் அழுக்கில் மூடிப்போய். சென்னை பாடியில் லூக்காஸ் டிவிஎஸ் செய்த பழைய டைனமோக்களிலும் அது உண்டு. ஊசியால் அழுக்கை நீக்கி இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். பலருக்கு அப்படி ஒரு துளை இருப்பதே தெரியாது.

கிளட்ச்சை மிதித்தால் மட்டும் சத்தம் வருகிறது.

ரிலீஸ் பேரிங். இந்த வண்டியில் அது குண்டு பேரிங் அல்ல, ஒரு கார்பன் வளையம். கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டும் பழக்கம் இருந்தால் சீக்கிரம் தேயும். மிதித்தால் சத்தம் நின்று, விட்டால் வருகிறது என்றால் கியர்பாக்ஸின் முன் பேரிங்கைச் சந்தேகியுங்கள்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். எஞ்சின் நிற்கும்போது ஒருவர் கிளட்ச்சை மிதித்து விட, நீங்கள் கிராங்க் புல்லியைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரியும்படி முன்னுக்கு வந்து போனால் கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்கள் இதை ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம் பார்க்க வேண்டும்; அந்த எஞ்சினின் பலவீனமே அங்கேதான்.

மேடு ஏறும்போது சில்லறை குலுக்குவதுபோல் கேட்கிறது. எத்தனால் பெட்ரோல்தான் காரணமா?

அது டைமிங் தட்டல். பொறி சீக்கிரம் விழுகிறது, அல்லது சிலிண்டருக்குள் கரி ஏறியிருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றுப் பின்னுக்குத் திருப்பிப் பாருங்கள். எத்தனாலை நேரடியாகக் குற்றம் சொல்ல முடியாது, அதற்குத் தட்டலைத் தடுக்கும் குணம்தான் இருக்கிறது. ஆனால் அதிலுள்ள ஆக்சிஜனால் பழைய கார்புரேட்டரின் கலவை மெலிகிறது, எஞ்சின் சூடாகிறது. பழைய ரப்பர் குழாய்களையும் பம்ப் டயஃப்ரமையும் அது ஊறவைத்துக் கெடுக்கும். குழாய்களை மாற்றிவிடுங்கள்.

சாவியைத் திருப்பினால் எஞ்சின் ஓடாமலே ‘டிக் டிக்’ என்கிறது.

மின் பெட்ரோல் பம்ப் உள்ள வண்டி. கார்புரேட்டர் நிறைந்ததும் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பெட்ரோல் இல்லை, அல்லது வழியில் காற்று இழுக்கிறது.

கெட்டியான ஆயில் ஊற்றினால் சத்தம் அடங்கும் என்கிறார்களே?

அடங்கும், விற்கும் வரை. பழைய வண்டியை வாங்கப் போகிறவர்கள் ஆயில் குச்சியைத் தொட்டுப் பாருங்கள். தேன்போல வழிந்தால் பேசாமல் திரும்பிவிடுங்கள். இந்த எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 ஆயில் போதும். இன்றைய கார்களுக்கான நீர்த்த ஆயிலை ஊற்றிவிட்டு டப்பெட் கத்துகிறது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

சத்தத்தைக் கைப்பேசியில் பதிவுசெய்து அனுப்பட்டுமா?

அனுப்புங்கள், ஆனால் அதை வைத்து முடிவு சொல்ல மாட்டேன். கைப்பேசி மெல்லிய ‘டிக்’கைப் பெரிதாக்கிக் காட்டும்; கனமான அடியை விழுங்கிவிடும். எதற்குப் பயப்பட வேண்டுமோ அதுதான் அதில் கேட்காது.

எல்லாம் பார்த்தாகிவிட்டது. எஞ்சினை இறக்கித்தான் ஆகவேண்டும். என்ன கவனிக்க வேண்டும்?

பிளக் சோதனையில் ஒரு சிலிண்டர் தன்னைக் காட்டிக்கொடுத்து, சூட்டில் பிரஷரும் விழுந்தால் தயங்காதீர்கள். வடிக்கும் ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றி, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பேரிங்கின் உலோகத் தூள் மின்னும். முதலில் சம்ப்பை மட்டும் கழற்றி, பிக் எண்ட் மூடிகளைத் திறந்து, பேரிங்கின் ஓடுகளை எடுத்து அவற்றின் முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள். கிராங்க்கை இதற்கு முன் எத்தனை தௌ அரைத்திருக்கிறார்கள் என்ற அளவு அங்கே அச்சாகியிருக்கும். 010 அல்லது 020 என்றால் கிராங்க்கை இன்னும் அரைக்கலாம். 040 என்றால் இனி அரைக்க இடமில்லை. லேத்துக்குப் போவதற்கு முன், சென்னையில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போய், வேறு கிராங்க் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு வாருங்கள்.